கன்டம் 0080 ‘வார் இன் த பாக்கெட்’ – நிறைகளும் குறைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன தொடர்? யார் உருவாக்கினார்கள்?

‘மொபைல் சூட் கன்டம் 0080: வார் இன் த பாக்கெட்’ 1989 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஜப்பானில் வெளியான, ஆறே பகுதிகள் கொண்ட அனிமே (ஜப்பானிய அசைவூட்ட) குறுந்தொடர். தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகாமல், வீடியோவாக நேரடியாக விற்பனைக்கு வந்தது. இப்படி வருபவற்றை அனிமே ரசிகர்கள் ஓ.வி.ஏ. என்று அழைப்பார்கள். தயாரித்தது ஸன்ரைஸ் நிறுவனம். கன்டம் வரிசை 1979இல் யோஷியுகி தொமினோவின் இயக்கத்தில் தொடங்கியது. பத்தாவது ஆண்டில் வந்த இந்தக் குறுந்தொடர்தான், நகைச்சுவைக் குறும்படங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், அவர் அல்லாத வேறொருவர் இயக்கிய முதல் கன்டம் கதை.

இயக்குநர் ஃபுமிஹிகோ தகாயாமா. திரைக்கதை எழுதிய ஹிரோயுகி யமாகா, கெய்னாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பாத்திரங்களை வரைந்தவர் ‘மேக்ராஸ்’ தொடரால் புகழ்பெற்ற ஹருஹிகோ மிகிமோதோ. இயந்திரங்களை வடிவமைத்தவர் யுதகா இசுபுச்சி. வரிசையின் மூலவர் விலகி நிற்க, வெளியிலிருந்து வந்த திறமைசாலிகள் அந்த உலகத்தைப் புதிய கண்ணோடு அணுகினார்கள் என்பது தொடர் நெடுகிலும் தெரிகிறது. அதன் நிறைகள் பலவும் குறைகள் சிலவும் இந்த ஒரே காரணத்திலிருந்து வருபவை.

கன்டம் பற்றி எதுவும் தெரியாதவர் இதைப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: எதிர்காலத்தில் மனிதர்களில் பெரும்பாலோர் விண்வெளியில் மிதக்கும் உருளை வடிவக் குடியேற்றங்களில் வாழ்கிறார்கள். அவற்றில் ஒரு பிரிவான ஸியான், பூமிக் கூட்டமைப்பிலிருந்து விடுதலை கோரிப் போர் தொடுக்கிறது. யூ.சி. 0079 என்று அவர்கள் எண்ணும் ஆண்டு முழுவதும் நடக்கும் இந்தப் போரில், மனிதன் உள்ளே அமர்ந்து இயக்கும் ராட்சத இயந்திரங்களான மொபைல் சூட்டுகள்தாம் முக்கியமான ஆயுதம். கூட்டமைப்பின் மிகச் சிறந்த மொபைல் சூட்டின் பெயர் கன்டம். சைடு 6 என்ற பகுதி இரு தரப்பிலும் சேராமல் நடுநிலை வகிக்கிறது. நம் கதை அங்கேதான் நடக்கிறது.

1979ஆம் ஆண்டின் மூலத்தொடர் 43 பகுதிகள் கொண்டது. அதை முடித்துவிட்டு வருபவர்களுக்குச் சில இடங்களில் கூடுதல் பொருள் புலப்படும் என்பது உண்மை. ஆனாலும் கன்டம் உலகத்துக்குள் நுழைய விரும்பும் நண்பர் யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் பரிந்துரைப்பேன்.

கதை என்ன?

முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே சொல்லப் போகிறேன். தொடரை இன்னும் பார்க்காதவர்கள், பார்த்துவிட்டு வந்து இந்தக் கேள்வியிலிருந்து தொடர்வது நல்லது. முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இழப்பு பெரிது.

போர் முடியும் தறுவாய். ஆர்க்டிக் தளம் ஒன்றில் கூட்டமைப்பு புதிய கன்டம் ஒன்றை விண்ணுக்கு அனுப்புவதை ஸியானின் ‘சைக்ளாப்ஸ்’ சிறப்புப் படை தடுக்க முயன்று தோற்கிறது. அந்த இயந்திரம் சைடு 6இன் லிபோட் குடியேற்றத்தில் இரகசியமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதே ஊரில் வாழும் அல் என்ற ஆல்ஃபிரட் தொடக்கப் பள்ளிச் சிறுவன். பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். பாடத்தில் கவனம் இல்லை. போர் என்றால் கொள்ளை ஆசை. ஊருக்குள் நடந்த மோதலில் ஸியானின் ஸாக்கு வகை மொபைல் சூட் ஒன்று சுடப்பட்டு மரங்களுக்கிடையே விழ, அல் ஓடிச்சென்று அதன் ஓட்டுநரான பெர்னியைச் சந்திக்கிறான். பெர்னி இருபது வயதைத் தொடும் இளைஞன், படைக்குப் புதியவன். பிறகு பெர்னி சைக்ளாப்ஸ் படையில் சேர்க்கப்பட்டு, மாறுவேடத்தில் அதே ஊருக்குத் திரும்பி வருகிறான். சிறுவன் அவனை அண்ணனாகவே பாவிக்கத் தொடங்குகிறான்.

அல்லின் பக்கத்து வீட்டுப் பெண் கிறிஸ் என்கிற கிறிஸ்டினா மெக்கன்ஸி. பெர்னிக்கும் அவளுக்கும் இடையே மெல்லிய அன்பு துளிர்க்கிறது. அவள்தான் அந்தக் கன்டத்தின் சோதனை ஓட்டுநர் என்பது பெர்னிக்கும் தெரியாது, அல்லுக்கும் தெரியாது. சைக்ளாப்ஸ் படையின் தாக்குதல் தோற்று, பெர்னி ஒருவனே உயிருடன் மிஞ்சுகிறான். படை தோற்றால் குடியேற்றத்தையே அணுகுண்டால் அழிப்பது என்று ஸியான் அதிகாரி கில்லிங் முடிவு செய்திருப்பதும் தெரியவருகிறது. தப்பி ஓடப் புறப்பட்ட பெர்னி திரும்பி வந்து, விழுந்து கிடந்த ஸாக்குவை அல்லின் துணையோடு பழுதுபார்த்து, கிறிஸ்துமஸ் நாளில் கன்டத்தோடு மோதுகிறான். அணுகுண்டு ஏற்றிவந்த கப்பல் முன்பே பிடிபட்டுவிட்டதால் அந்தச் சண்டைக்கே தேவை இல்லாமல் போயிருக்கிறது. செய்தியில் அதைக் கேட்ட அல் தடுக்க ஓடுகிறான், நேரம் கடந்துவிடுகிறது. பெர்னி இறக்கிறான். தான் யாரைக் கொன்றோம் என்பதை கிறிஸ் அறிவதே இல்லை.

இதன் மிகப் பெரிய பலம் எது?

போரை ஒரு சிறுவனின் கண் உயரத்திலிருந்து மட்டுமே காட்டுவது என்று எடுத்த முடிவும், அதிலிருந்து கடைசிவரை விலகாத உறுதியும்.

போரை எதிர்க்கும் கதைகள் பெரும்பாலும் போரில் துன்பப்படுகிறவர்களின் பக்கத்திலிருந்து பேசும். இந்தத் தொடரோ போரை இரசிக்கிறவனின் பக்கத்திலிருந்து தொடங்குகிறது. லிபோட் நடுநிலை ஊர் என்பதால் அங்குள்ள பிள்ளைகளுக்குப் போர் தொலைவில் நடக்கும் வேடிக்கை. வகுப்பறையில் எந்த இயந்திரம் சிறந்தது என்று விவாதிக்கிறார்கள், படைச் சின்னங்களைச் சேர்க்கிறார்கள், வீடியோ விளையாட்டில் சுடுகிறார்கள். முதல் பகுதியில் வீடுகளுக்கு மேலே மொபைல் சூட்டுகள் மோதிக்கொள்ளும்போது பெரியவர்கள் பதறி ஓட, அல்லின் முகத்தில் பூரிப்பு. பெர்னி துப்பாக்கியை நீட்டும்போதுகூட, அந்தச் சிறுவன் அச்சத்தைவிட வியப்பையே அதிகம் உணர்கிறான். அவன் ஒளிப்பதிவு செய்த காட்சிகளுக்கு ஈடாக பெர்னி தன் படைச் சின்னத்தைக் கழற்றித் தருகிறான். அந்தச் சின்னம் சிறுவனுக்கு வாழ்நாள் பரிசு. அந்தப் பதிவு ஸியானுக்கு உளவுத் தகவல். பின்னால் நிகழும் அத்தனை சாவுக்கும் இந்தப் பண்டமாற்றே வித்து என்பதைத் தொடர் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இந்த இடத்தில்தான் எழுத்தின் நேர்மை இருக்கிறது. அல்லின் மகிழ்ச்சியில் பார்வையாளருக்கும் பங்கு உண்டு. ராட்சத இயந்திரங்கள் மோதுவதைக் காணத்தானே நாமும் இந்தத் தொடரை எடுத்தோம்? நம் ஆசையைக் கேலி செய்யாமல், அதற்குத் தீனி போட்டுக்கொண்டே அதன் விலையை ஒவ்வொரு பகுதியிலும் சிறிது சிறிதாக ஏற்றுகிறார்கள்.

ரோபோச் சண்டைகள் மிகவும் குறைவு என்கிறார்களே?

குறைவுதான். ஆர்க்டிக் தாக்குதல், ஊருக்குள் நடக்கும் முதல் மோதல், நான்காம் பகுதியின் பெருஞ்சண்டை, கடைசிப் பகுதியின் இறுதி மோதல் – இவற்றை விட்டால் மீதி நேரம் வீடு, பள்ளி, பணிமனை, தெரு என்று நகர்கிறது. இரண்டாம், மூன்றாம் பகுதிகள் வேகமற்றவை என்ற குறைபாட்டை நான் முழுவதும் மறுக்க மாட்டேன். குறிப்பாக, படையினர் இயந்திரப் பாகங்களைக் கடத்திவந்து பூட்டும் காட்சிகளை இன்னும் இறுக்கியிருக்கலாம்.

எனினும் நான்காம் பகுதிச் சண்டையை உற்றுப் பாருங்கள். சைக்ளாப்ஸ் படையின் மிஷா, கெம்ஃபர் என்ற நீல நிற இயந்திரத்தில் ஊருக்குள் பாய்கிறான். அவனை மறிக்க வந்த கூட்டமைப்புப் பிரிவு சில நிமிடங்களில் சிதறிப் போகிறது. குறி தவறிய ஒவ்வொரு குண்டும் யாரோ ஒருவரின் வீட்டைத் துளைக்கிறது. கெம்ஃபர் சங்கிலிபோல் கோத்த வெடிகளைக் கன்டத்தின் உடலில் சுற்றி வெடிக்கச் செய்கிறது. வெற்றி என்று மிஷா நினைக்கும் நேரத்தில் புகை விலகுகிறது. சிதறியது மேலே பூட்டிய கூடுதல் கவசம் மட்டுமே. உள்ளே கன்டம் முழுதாக நிற்கிறது. அதன் முன்கையிலிருந்து மறைந்திருந்த துப்பாக்கி வெளிப்பட்டு, கெம்ஃபரைச் சல்லடையாக்குகிறது. வாள் வீச்சு இல்லை, வீர வசனம் இல்லை, நீண்ட துரத்தல் இல்லை. நல்ல ஆயுதம் வைத்திருப்பவர் மற்றவரை ஒரு மூச்சில் கொன்றுவிடுகிறார். ராட்சத இயந்திரங்கள் மோதும் மெக்கா அனிமேக்களில் நாம் எதிர்பார்த்துப் பழகிய இருவர் போட்டியின் சுவையை வேண்டுமென்றே பறித்துக்கொள்ளும் இந்தச் சண்டை என் கணக்கில் பத்துச் சண்டைகளுக்குச் சமம்.

இறுதிச் சண்டை இவ்வளவு புகழப்படுவது ஏன்?

அதில் யாரும் தீயவர் இல்லை, யாருக்கும் வெற்றியும் இல்லை என்பதால். பெர்னியிடம் இருப்பது உதிரிப் பாகங்களால் ஒட்டுப்போட்ட ஸாக்கு. நேருக்கு நேர் நின்றால் ஒரு நொடி தாங்காது என்று தெரிந்து, கன்டத்தை மரங்கள் அடர்ந்த பகுதிக்குள் இழுத்து, புகையைப் பரப்பி, கண்ணை ஏமாற்றப் பெரிய சான்டா கிளாஸ் பலூனைப் பறக்கவிடுகிறான். அந்தப் பலூன் சிரித்த முகத்தோடு மேலெழும் காட்சி இந்தத் தொடரின் முழுக் குணத்தையும் கொண்டது: பிள்ளைகளுக்கான பண்டிகைப் பொருள், கொல்வதற்கான பொறியாகிறது. ஸாக்குவின் கோடரி கன்டத்தின் தலையை வெட்டுகிறது; அதே கணத்தில் கன்டத்தின் ஒளிவாள் ஸாக்குவின் உடலுக்குள் இறங்குகிறது.

அதன்பிறகு வருவதுதான் கொடுமை. உயிரோடு வெளியே தூக்கப்படும் ஓட்டுநர் கிறிஸ் என்பதை அல் காண்கிறான். ஸாக்குவின் ஓட்டுநர் அரைத்த இறைச்சியைவிட மோசமான நிலையில் இருப்பதாக மீட்புப் பணியாளர் ஒருவர் போகிறபோக்கில் சொல்வது அவன் காதில் விழுகிறது. இசையை உயர்த்திக் கண்ணீரை வரவழைக்கும் வழக்கமான உத்தி அங்கே இல்லை. ஒரு தொழிலாளியின் அலுப்பான குரல் மட்டுமே இருக்கிறது.

பெர்னி முன்பே பதிவு செய்துவைத்த காணொளிச் செய்தியை அல் பிறகு பார்க்கிறான். தான் இறந்துவிட்டால் ஆதாரங்களைக் காவல்துறையிடம் கொடுக்கும்படியும், கூட்டமைப்பினரையோ தன்னைக் கொன்ற ஓட்டுநரையோ வெறுக்க வேண்டாம் என்றும் பெர்னி அதில் சொல்கிறான். எந்தக் கதையிலும் இது உருக்கமான இடம்தான். இங்கே கூடுதலாக, அந்த ஓட்டுநர் யார் என்பது கேட்கும் சிறுவனுக்கு மட்டும் தெரியும், பேசுகிறவனுக்குத் தெரியாது.

கிறிஸ் பாத்திரம் சரியாக எழுதப்படவில்லை என்பது உண்மையா?

உண்மை. என் மதிப்பீட்டில் இந்தத் தொடரின் மிகப் பெரிய குறை இதுவே.

கிறிஸ் அந்தப் போர்க்காலத்தின் மிக நவீனமான கன்டத்தை இயக்கும் பெண். அந்த இயந்திரம் அலெக்ஸ், மூலத்தொடரின் நாயகன் அமுரோ ரேவுக்காகச் செய்யப்பட்டது. மிகை உணர்திறன் காரணமாகச் சாதாரண ஓட்டுநரால் அதை முழுவதும் கட்டுப்படுத்த இயலாது. அப்படிப்பட்ட கருவியைச் சோதிக்கும் பொறுப்பில் இருப்பவளின் அச்சம், பெருமை, பிறந்த ஊருக்கே போரைக் கொண்டுவந்துவிட்டோமே என்ற உறுத்தல் ஆகியவற்றுக்கு எவ்வளவோ இடம் இருந்திருக்கிறது. நான்காம் பகுதிச் சண்டையில் அவள் கண்ணெதிரே அவளுடைய ஊர் எரிகிறது. அதன்பின் அவள் மனநிலையைச் சொல்லத் தொடர் ஒதுக்கும் நேரம் மிகச் சொற்பம். பெர்னியோடு அவளுக்கு ஏற்படும் ஈர்ப்பும் சில உரையாடல்களோடு முடிந்துவிடுகிறது. முடிவின் துயரத்தைத் தாங்க அந்த அடித்தளம் போதாது.

கதை அல்லின் பார்வையில் நகர்வதால் கிறிஸ் பக்கத்து வீட்டு அக்காவாக மட்டுமே தெரிகிறாள் என்று சிலர் வாதிடுவார்கள். பெர்னி விஷயத்தில் அந்த விதி தளர்த்தப்படுகிறதே! அல் இல்லாத இடங்களிலும் பெர்னியை நாம் பின்தொடர்கிறோம். அவன் ஓடிப்போக முடிவெடுப்பதையும் மனம் மாறுவதையும் உடனிருந்து காண்கிறோம். அதே சலுகையில் ஒரு பகுதியையாவது கிறிஸுக்கும் கொடுத்திருந்தால் இறுதி மோதலில் இரண்டு இயந்திரங்களுக்குள்ளும் நமக்கு நன்கு தெரிந்த மனிதர்கள் இருந்திருப்பார்கள். இப்போது ஒன்றில் மட்டுமே இருக்கிறார்.

தற்செயல்கள் மிகுதியாக இல்லையா?

கன்டத்தின் ஓட்டுநரே பக்கத்து வீட்டுக்காரியாக அமைவது பெரிய தற்செயல்தான். ஆனால் கதையின் தொடக்கத்திலேயே அதை வைத்துவிடுவதால் எனக்கு அது உறுத்தவில்லை. கதையை முடிப்பதற்காகக் கடைசியில் தற்செயலைத் திணிப்பதும், கதை எழுவதற்கான நிலமாக முதலிலேயே அதை விரிப்பதும் வேறு வேறு. அணுகுண்டுக் கப்பல் சண்டைக்கு முன்னரே பிடிபடுவதும் அப்படியே: அது யாரையும் காப்பாற்ற வரும் அதிர்ஷ்டம் அன்று; பெர்னியின் தியாகத்திலிருந்து பயனைப் பிடுங்கி எறியும் செய்தி.

எனக்கு உறுத்துவது கில்லிங். நடுநிலைக் குடியேற்றம் ஒன்றை மக்களோடு அழிக்கத் துணியும் அதிகாரிக்குத் தொடர் தரும் விளக்கம் போதாது. மற்ற எல்லாரும் மனிதர்களாக இருக்கும் கதையில் அவர் ஒருவர் மட்டும் வில்லன் வேடம் போட்டு நிற்கிறார். பெர்னியைச் சண்டைக்குத் தள்ள ஒரு கெடு தேவைப்பட்டது. அந்தத் தேவைக்காகவே அவர் உண்டாக்கப்பட்டது பளிச்சென்று தெரிகிறது.

ஸியானின் குற்றங்களை இந்தத் தொடர் மறைக்கிறதா?

இது கவனத்தோடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மூலத்தொடரின்படி ஸியான் போரின் தொடக்கத்திலேயே குடியேற்றம் ஒன்றை அப்படியே பூமியின் மீது வீழ்த்தியது. சிட்னி நகரம் அழிந்தது. போரின் முதல் கட்டத்தில் மனித இனத்தில் பாதி மாண்டது. இந்தப் பின்னணியை ‘வார் இன் த பாக்கெட்’ அறவே விளக்குவதில்லை. இதை மட்டும் பார்க்கும் ஒருவருக்கு, ஸியான் என்பது களைத்துப்போன, அன்பான சில வீரர்களும் ஒரு வெறிபிடித்த அதிகாரியும் சேர்ந்த அமைப்பாகவே தோன்றும்.

தொடருக்குள் மெல்லிய குறிப்பு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியன் என்று பொய் சொல்லி நடமாடும் பெர்னி, டிசம்பரில் அங்கே பனி கொட்டும் என்பதுபோலப் பேசிவைக்கிறான். பூமியின் தென்பாதியில் அது கோடை என்பதை அறியாத, விண்ணில் பிறந்து வளர்ந்த பையன் அவன். தன் நாடு அழித்த நிலத்தைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. எளிய வீரனின் அறியாமை எத்தகையது என்பதைக் காட்ட இதைவிடக் கூர்மையான இடம் தொடரில் இல்லை. ஆனால் வரலாறு தெரிந்த இரசிகருக்கு மட்டுமே இதன் கனம் எட்டும்.

தனிமனிதனின் நன்மையைக் காட்டுவது அவன் அணிந்த சீருடையை நியாயப்படுத்துவதாகாது என்பதே என் நிலைப்பாடு. ஆயினும் ஒரு படையின் பெருங்குற்றத்தைச் சொல்லாமல் அதன் கடைநிலை வீரனின் கண்ணீரை மட்டும் காட்டும் கலைக்கு ஒரு பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்பில் இத்தொடர் பாதிதான் நிறைவேற்றியிருக்கிறது.

ஓவியமும் அசைவூட்டமும் இன்றைக்கும் நிற்குமா?

நன்றாகவே நிற்கும். ஒளிபுகும் தகடுகளில் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய செல் ஓவியங்கள். தொலைக்காட்சித் தொடரின் வார நெருக்கடி இல்லாததால் மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள். தொடக்கத்தில் வரும் ஆர்க்டிக் தாக்குதலில் பனியையும் நீரையும் கிழித்துக்கொண்டு இயந்திரங்கள் பாயும் விதம் இன்றைய கணினி வரைகலைக்குச் சற்றும் இளைத்ததன்று. மிகிமோதோவின் முகங்கள் அழகுப் பதுமைகளாக இல்லாமல் அன்றாட மனிதர்களாக இருக்கின்றன. அல்லின் மூக்கும் குறும்புப் பார்வையும் ஒரு நிஜச் சிறுவனுடையவை. லிபோட் மேலைநாட்டுப் புறநகர் போன்ற வீதிகளோடு, கிறிஸ்துமஸ் அலங்காரங்களோடு தெரிவதால், அதன் மேல் விழும் குண்டு நம் தெருவில் விழுவதுபோல் வலிக்கிறது.

இயந்திர வடிவமைப்பு பற்றி இரசிகர்கள் சண்டை போடுவது எதற்காக?

இசுபுச்சி மூலத்தொடரின் பழைய இயந்திரங்களை 1989ஆம் ஆண்டின் கண்ணோடு மறுபடி வரைந்தார். அதே ஸாக்கு, ஸியானின் மற்றொரு மொபைல் சூட்டான அதே கெல்கூக், கூர்மையான விவரங்களோடு. ஆனால் கதை நடக்கும் காலம் மூலத்தொடரின் கடைசி வாரங்களே என்பதால், ஒரே இயந்திரம் இரண்டு தோற்றங்களில் இருப்பது எப்படி என்ற கேள்வி எழுந்தது. பின்னாளில் அவற்றைத் தனித்தனி வகைகள் என்று பெயரிட்டு, அதற்கேற்ற விளக்கங்களையும் சேர்த்தார்கள். கால வரிசையைக் கறாராகப் பார்ப்பவர்களுக்கு இது தீராத தலைவலி. ஒரு கலைஞர் பழைய பொருளை மறுபடி வரைய உரிமை உண்டு என்று எண்ணும் எனக்கு இது ஒரு குறையாகவே படவில்லை.

இசையும் குரல்களும் எப்படி?

இசையமைத்தவர் தெத்சுரோ கஷிபுச்சி, மூன்ரைடர்ஸ் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர். படை அணிவகுப்பின் ஆரவாரத்தைத் தவிர்த்து இலேசான, சில இடங்களில் பிள்ளை விளையாட்டு போன்ற மெட்டுகளைத் தந்திருக்கிறார். மெகுமி ஷீனா பாடிய தொடக்கப் பாடலும் முடிவுப் பாடலும் போர்த் தொடருக்கானவை என்றே தோன்றாது. அதுவே அவற்றின் தகுதி.

குரல்களில் முதலில் சொல்ல வேண்டியது அல்லுக்குப் பேசிய தைசுகே நமிகாவா. இன்று பெயர்பெற்ற குரல் நடிகரான அவர் அப்போது பதின்மூன்று வயதைத் தொடும் சிறுவன். ஜப்பானிய அனிமேயில் சிறுவர்களுக்குப் பெரும்பாலும் வளர்ந்த பெண்கள் குரல் கொடுப்பதே வழக்கம்; இங்கே ஒரு சிறுவனே பேசுவதால், இறுதிப் பகுதியில் அவன் ஓடிக்கொண்டே கத்தும் கத்தலில் பயிற்சி பெற்ற நடிப்பின் மெருகு இல்லாமல் பிசிறு தெரிகிறது. அந்தப் பிசிறு விலைமதிப்பற்றது. பெர்னிக்குப் பேசியவர் கோஜி சுஜிதானி. கிறிஸுக்கு, பின்னர் ‘எவாஞ்செலியன்’ தொடரில் ரெய் அயனாமியாகப் பேசிய மெகுமி ஹயாஷிபரா. ஆங்கில ஒலிப்பதிவும் இருக்கிறது. வாய்ப்பிருந்தால் ஜப்பானிய ஒலியோடு எழுத்துரை வைத்துப் பாருங்கள்.

போரை எதிர்க்கும் தொடர் போர்ப் பொம்மைகளை விற்கலாமா?

கன்டம் வரிசையின் பொருளாதாரமே பண்டாய் நிறுவனம் விற்கும் பிளாஸ்டிக் மாதிரிகளில் நிற்கிறது. அலெக்ஸும் கெம்ஃபரும் இன்றும் மாதிரிகளாகக் கிடைக்கின்றன. இது ஒரு முரண்பாடு. வரிசை முழுவதையும் தொடரும் முரண்பாடு. மற்றக் கன்டம் கதைகள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. இந்தத் தொடர் மட்டும் அதைத் தன் கதைப்பொருளாகவே எடுத்துக்கொள்கிறது. இறுதிக் காட்சியில், போர் முடிந்துவிட்டது என்று பள்ளியில் தலைமை ஆசிரியர் பேசும்போது அல் அழுகிறான். போர் முடிந்த ஏமாற்றத்தில் அழுகிறான் என்று எண்ணிக்கொண்ட நண்பர்கள், சீக்கிரமே இதைவிடப் பெரிய போர் வரும், இன்னும் நல்ல பொருள்கள் கிடைக்கும் என்று தேற்றுகிறார்கள். பொம்மை வாங்கும் கூட்டத்தை நோக்கி, பொம்மை விற்கும் நிறுவனத்தின் பணத்தில், இவ்வளவு நேராகப் பேசிய துணிச்சலை நான் மதிக்கிறேன். அதனால் முரண்பாடு தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

குருதி கொட்டும் காட்சிகள் அதிகம் இல்லை. ஆனால் பிரியமான ஒருவன் பயனின்றிச் சாவதை எந்த ஆறுதலும் இல்லாமல் காட்டும் முடிவு சிறுபிள்ளைகளுக்குக் கனமானது. பதின்ம வயதினருக்குக் காட்டலாம். பெரியவர் ஒருவர் உடனிருந்து, முடிந்தபின் பேச நேரம் ஒதுக்கினால் இன்னும் நல்லது.

பிற்காலக் கன்டம் குறுந்தொடர்களோடு ஒப்பிட்டால்?

1991இல் தொடங்கிய ‘0083 ஸ்டார்டஸ்ட் மெமரி’ பிரமாண்டத்தில் இதை விஞ்சும். சண்டைக் காட்சிகளுக்காகவே பார்ப்பவர்கள் அங்கே செல்லலாம். ஆனால் போரின் கவர்ச்சிக்கு அது எளிதில் மயங்கிவிடுகிறது. 1996 முதல் வெளிவந்த ‘08ஆவது எம்.எஸ். டீம்’ காட்டுக்குள் போரிடும் சாதாரண வீரர்களின் பாடுகளை நன்றாகச் சொல்கிறது. எதிரெதிர்த் தரப்புக் காதலும் அதில் விரிவாக இருக்கிறது. கிறிஸ்–பெர்னி உறவில் இடம் போதவில்லை என்று வருந்துபவர்களுக்கு அது ஓரளவு ஈடுகட்டும். சொல்ல வந்ததைச் சொல்லி முடித்ததும் நிறுத்திக்கொள்ளும் அடக்கத்தில் மட்டும் 0080க்கு இணையாக இரண்டையும் நான் வைக்க மாட்டேன்.

ஒரே அமர்வில் பார்க்கலாமா?

ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ அரை மணி நேரம். மொத்தம் மூன்று மணி நேரம் போல ஆகும். முதல் நான்கு பகுதிகளை ஒரு நாளிலும் கடைசி இரண்டை மறுநாளிலும் பார்க்குமாறு நான் சொல்வேன். நான்காம் பகுதியின் இழப்பு மனத்தில் படிவதற்கு ஓர் இரவு தேவை. ஐந்தாம் பகுதியில் பெர்னி ஓட நினைப்பதன் நியாயம் அப்போதுதான் முழுவதும் புரியும். அவசரமாக ஆறையும் அடுத்தடுத்துப் பார்க்கிறவர்கள் அவனைக் கோழை என்று அல் திட்டும்போது அல்லோடு சேர்ந்துகொள்வார்கள்.